துப்பாக்கி மாக்சிமின் மகன்

மாக்சிம் என்ற பெயரைச் சரித்திர மாணவர்கள் நன்கு அறிவர். நிமிடத்துக்கு 600 குண்டுகளைப் பொழிந்த இயந்திரத் துப்பாக்கிக்கு அந்தப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவில் நாடு பிடித்த போர்கள் பலவற்றில் அது முழங்கிற்று. அதைச் செய்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறி, 1901-ல் சர் பட்டமும் பெற்றார். அவருக்கு ஒரு மகன் இருந்தார். தந்தையைப் போலவே அவரும் பொறியியல் வல்லுநர். அவரும் துப்பாக்கியோடு தொடர்புள்ள கருவி ஒன்றைச் செய்தவர். ஆனால் இன்று உலகெங்கும் அவரை நினைப்பவர்கள் படைவீரர்கள் அல்லர். இரவு கண் விழித்து, காதில் ஒலிபெருக்கி மாட்டி, எங்கிருந்தோ வரும் மெல்லிய ஒலியைக் காகிதத்தில் குறித்து வைக்கும் வானொலிப் பிரியர்களே அவரை நினைக்கிறார்கள்.

ஹைரம் பெர்சி மாக்சிம் 1869 செப்டம்பர் 2-ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் பிறந்தார். 1881-ல் தந்தை ஐரோப்பாவுக்குப் போனார்; அதன் பின் குடும்பத்தோடு வந்து வாழவே இல்லை. தாயின் நிழலில் வளர்ந்த பையன், பதினேழு வயது நிறையுமுன் 1886-ல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்று வெளியே வந்தான். மோட்டார் வண்டி என்பது ஊரில் யாரும் கண்டிராத காலத்தில், மூன்று சக்கர வண்டி ஒன்றில் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டப் பார்த்தவர்களுள் அவர் ஒருவர். 1895-ல் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் போப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே மோட்டார் வண்டிகளை உருவாக்கினார். பிறகு 1909-ல் துப்பாக்கி வெடிக்கும் ஓசையை அடக்கும் குழலுக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். பின்னாளில் அவருடைய கம்பெனி எஞ்சின்களின் இரைச்சலை அடக்கும் கருவிகளைச் செய்து நிலைபெற்றது. தந்தை எழுப்பிய ஓசையை மகன் அடக்க வந்தார் என்று யாராவது வேடிக்கையாகச் சொன்னால் அதில் தவறில்லை.

நாற்பது வயதைக் கடந்து, பணமும் பேரும் வந்த பிறகுதான் வானொலிப் பைத்தியம் அவரைப் பிடித்தது. பிடித்து வைத்தவன் அவருடைய மகன். சிறுவர்கள் வீட்டு மாடியில் கம்பி கட்டிக் கம்பியில்லாத் தந்தி பழகிய காலம் அது. மகனுக்கு உதவப் போன தந்தை, மகனைவிட ஆழமாக அதில் மூழ்கிவிட்டார்.

இங்கே ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மாக்சிமின் வேலை விளங்காது. டைட்டானிக் கப்பல் மூழ்கிய 1912-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசாங்கம் வானொலிச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. பொழுதுபோக்காக நிலையம் வைத்திருப்போர் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் மட்டுமே பயன்படுத்தலாம். ஒரு கிலோவாட்டுக்கு மேல் சக்தி கூடாது. அக்காலத்து அறிஞர் கருத்துப்படி நெடுந்தூரம் போவது நெட்டலைகளே. அலை குறையக் குறையப் பயன் குறையும். ஆகவே, ஒருவருக்கும் வேண்டாத நிலத்தைப் பண்ணையாளுக்குத் தானம் கொடுப்பது போல, சிற்றலைகள் முழுவதும் பொழுதுபோக்குக்காரருக்கு விடப்பட்டன. அந்தத் தரிசில் ஒன்றும் விளையாது, சில ஆண்டுகளில் இவர்கள் தாமே ஓய்ந்துவிடுவார்கள் என்பதே பலருடைய எண்ணம்.

இவர்களை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பார்கள். நாடக சபைகளின் வழியாக நமக்கு அந்தச் சொல் பழக்கமானதுதான்: கூலிக்கு ஆடாதவர், ஆசைக்கு ஆடுபவர். ஹாம் என்பது அவர்களுடைய செல்லப் பெயர்.

1914 ஏப்ரலில் மாக்சிமுக்கு ஒரு வால்வு தேவைப்பட்டது. சுமார் 30 மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் ஒருவரிடம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. மாக்சிமின் நிலையம் ஒரு கிலோவாட் நிலையம். எனினும் அன்று அது ஸ்பிரிங்ஃபீல்டை எட்டவில்லை. நடு வழியில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் ஓர் அமெச்சூர் இருந்தார். அவர் செய்தியை வாங்கி அடுத்த ஊருக்குக் கொடுத்தார், காரியம் முடிந்தது. வேறொருவராக இருந்தால் வால்வு கிடைத்த மகிழ்ச்சியோடு நின்றிருப்பார். மாக்சிமோ, ஒரு கை மற்றொரு கைக்குக் கொடுத்தால் செய்தி நாடு முழுவதும் போகுமே என்று கணக்குப் போட்டார். இருபது வயது நிரம்பாத கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அதே ஆண்டில் அமெரிக்க வானொலி அஞ்சல் சங்கத்தை நிறுவினார். 1915 டிசம்பரில் க்யூ.எஸ்.டி. என்ற பத்திரிகை பிறந்தது. 1917 பிப்ரவரியில், நியூயார்க்கில் புறப்பட்ட செய்தி கை மாறிக் கை மாறி லாஸ் ஏஞ்சலீஸை அடைந்து, பதில் 1 மணி 20 நிமிடத்தில் திரும்பி வந்தது.

இரண்டு மாதத்தில் அமெரிக்கா போரில் இறங்கிற்று. அமெச்சூர் நிலையங்கள் அனைத்தையும் மூடி, வான்கம்பிகளை இறக்கும்படி அரசாங்கம் ஆணையிட்டது. போர் முடிந்த பிறகும் பூட்டுத் திறக்கவில்லை. வானொலி முழுவதையும் கடற்படையின் கையில் கொடுத்துவிட ஒரு மசோதாவும் வந்தது. மாக்சிம் வாஷிங்டனுக்குச் சென்று சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். சங்கத்தின் உறுப்பினர்களும் அவர்களுடைய வீட்டாரும் கடிதம் மேல் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். மசோதா மடிந்தது, 1919-ன் பிற்பகுதியில் நிலையங்கள் மீண்டும் பேசத் தொடங்கின.

திரும்பி வந்த கூட்டம் கட்டுப்பாடில்லாமல் இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழுவதும், தேவையின்றி அலையை அடைத்துக்கொண்டு கூவுவதும் வழக்கமாயின. க்யூ.எஸ்.டி.யில் கிழவனார் என்ற புனைபெயரில் ஒருவர் இவர்களைக் கிண்டல் செய்து எழுதிவந்தார். ஒழுங்கு மீறுகிறவர்களைத் தண்டிக்க வவ்ஃப் ஹாங் என்ற பயங்கர ஆயுதம் இருப்பதாகவும் அவர் கதை கட்டினார். மரத்துண்டும் கம்பியுமாக அப்படி ஒரு பொருளே சங்கத்தின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது! அந்தக் கிழவனார் யார் என்று வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் மாக்சிமே அவர் என்பது அவர் மறைந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இதை வெறும் வேடிக்கையாக நான் சொல்லவில்லை. தானும் கேட்டு, பிறரையும் கேட்கவிடும் பழக்கம் வராத கூட்டத்தைக் கொண்டு எந்த ஆராய்ச்சியும் செய்ய முடியாது. அடுத்து வந்த வேலைக்குக் கிழவனாரின் கிண்டலே அடித்தளம் போட்டது என்பது என் கருத்து.

அந்த வேலை 1920-ல் வந்தது. சிற்றலையில் இரவு நேரத்தில் இலங்கை வானொலி கேட்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: பாட்டு நன்றாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று கிணற்றுக்குள் போவது போல மங்கும், சிறிது பொறுத்தால் தானே மேலே வரும். இந்த மங்கல் ஏன் உண்டாகிறது என்று அக்காலத்தில் ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாது. பருவ நிலையா, மேகமா, நிலத்தின் தன்மையா, கருவியின் கோளாறா? ஒரு விஞ்ஞானி ஓர் ஊரில் அமர்ந்து கேட்டால், அந்த ஊரின் கதை மட்டுமே கிடைக்கும். ஒரே ஒலியை ஒரே கணத்தில் பல ஊர்களில் பலர் கேட்டுக் குறித்தால்தான் உண்மை புலப்படும். அமெரிக்க அரசாங்கத்தின் அளவைத் தர நிலையத்துக்கு அத்தனை ஊர்களில் ஆள் ஏது? மாக்சிமின் சங்கத்துக்கு இருந்தது.

முறை எளியது. குறித்த இரவில், குறித்த மணியில், தேர்ந்தெடுத்த நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோர்ஸ் முறையில் எழுத்துகளை வரிசையாக அனுப்பும். கேட்பவர் முன்னால் கோடிட்ட தாள் இருக்கும். ஒவ்வோர் எழுத்தும் உரக்கக் கேட்டதா, மெலிந்ததா, மறைந்தே போயிற்றா என்று அவர் கோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். காது ஒன்றே அளவுகோல். ஒருவருக்கு உரக்கக் கேட்டது மற்றவருக்கு மந்தமாகப்படலாம். அதுதான் இம்முறையின் குறை. ஆனால் தாள்கள் பலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஆளுக்கு ஆள் வேறுபடும் பிழைகள் ஒதுங்கி, அலையின் ஏற்ற இறக்கம் வெளியே தெரிந்தது. கடைக்காரர், பள்ளிப் பையன், மின்சாரத் தொழிலாளி என்று பலதரப்பட்டவர்கள், ஒரு காசு கூலி இல்லாமல் தூக்கம் கெட்டு இதைச் செய்தார்கள்.

அந்தத் தாள்களை ஆராய்ந்து டெலிஞ்சர், விட்டமோர், குருஸ் என்ற மூவர் எழுதிய ஆய்வறிக்கையை அந்நிலையம் 1923-ல் வெளியிட்டது. பகலில் அலை பெரும்பாலும் தரையை ஒட்டிச் செல்கிறது. இரவில், அதிலும் சிற்றலை நெடுந்தூரம் போகும்போது, சுமார் 60 மைல் உயரத்தில் மின்சாரத்தைக் கடத்தும் ஓர் அடுக்கின் உதவியால் செல்கிறது. மங்கலின் காரணம் அந்த அடுக்கில் இருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கென்னலியும் ஹெவிசைடும் 1902-லேயே அப்படி ஓர் அடுக்கு இருக்கக்கூடும் என்று ஊகித்திருந்தார்கள். 1924 டிசம்பரில் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் அதை நேராகச் சோதித்து நிறுவி, பிற்காலத்தில் நோபெல் பரிசும் பெற்றார். ஊகத்துக்கும் நிறுவலுக்கும் இடையே, கோடிட்ட தாளோடு இரவு விழித்தவர்களின் பங்கு ஒன்று உண்டு. பாடப் புத்தகங்களில் அது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

இதே காலத்தில் மற்றொரு கேள்வியும் எழுந்தது. பயனற்றது என்று தள்ளப்பட்ட இந்த அலை அட்லாண்டிக் கடலைத் தாண்டுமா? 1921 பிப்ரவரியில் செய்த முயற்சி தோற்றது. கேட்ட இங்கிலாந்து அமெச்சூர்களின் கருவி போதாது என்று சிலர் சொன்னார்கள். சச்சரவு வேண்டாம் என்று சங்கமே பால் காட்லி என்ற கைதேர்ந்த அமெச்சூரைக் கப்பலேற்றி அனுப்பிற்று. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஆர்ட்ராசன் என்னுமிடத்தில், டிசம்பர் மாதக் குளிரில், மழையும் காற்றும் அறையும் கூடாரத்தில், ஆயிரம் அடிக்கு மேல் நீண்ட வான்கம்பியைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். அமெரிக்க நிலையங்களுக்கு இரகசியக் குறி எழுத்துகள் முன்பே கொடுக்கப்பட்டிருந்தன. எந்த நிலையத்துக்கு எந்தக் குறி என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஆகவே கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல வழியில்லை. காட்லியின் பக்கத்தில் மார்க்கோனி கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் சாட்சியாகவும் இருந்தார். ஆசையினால் காது ஏமாறக்கூடும் என்று அறிந்து செய்த ஏற்பாடு இது. கனெக்டிகட் மாநிலத்துக் கிரீனிச் ஊரிலிருந்து புறப்பட்ட செய்தி ஒன்று அந்தக் கூடாரத்துக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. மேலும் இருபதுக்கு மேற்பட்ட அமெரிக்க நிலையங்கள் காதில் விழுந்தன.

1923 நவம்பரில் சுமார் 100 மீட்டர் அலையில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் டெலாய், அமெரிக்காவின் ஷ்னெல், ரைனார்ட்ஸ் ஆகியோருடன் கடலுக்கு இருபுறமும் நின்று உரையாடினார். 1924 அக்டோபர் 18-ல் நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லும், லண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியின் மாணவர் செசில் காய்டரும் பேசிக்கொண்டார்கள். பூமியின் ஒரு பக்கத்துக்கும் அநேகமாக அதன் நேர் எதிர்ப் பக்கத்துக்கும் நடந்த பேச்சு அது. அப்போது காய்டருக்கு வயது பதினெட்டு. இந்தப் பெயரை நம் நாட்டார் நினைவில் வைக்க வேண்டும். 1936-ல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக வந்து பத்தாண்டுகள் பணியாற்றியவர் இவர்தான். 1938-ல் சென்னை நிலையமும் 1939-ல் திருச்சி நிலையமும் தொடங்கியபோது அப்பதவியில் இருந்தவர் அந்த மில் ஹில் மாணவரே.

சிற்றலை நெடுந்தூரம் போகும் என்பது தெரிந்ததும், இன்னொரு விந்தை வெளிப்பட்டது. சில அலைகள் பக்கத்து ஊர்களில் கேட்காமல், பல நூறு மைல் தாண்டிப் போய்த் திடீரென்று உரக்கக் கேட்டன. முதலில் இதைக் கருவிக் கோளாறு என்றே பலர் நினைத்தார்கள். அமெச்சூர்களின் பதிவேடுகள் ஒன்று சேர்ந்தபோதுதான், ஒலி கேளாத வளையம் ஒன்று ஒவ்வோர் அலைக்கும் உண்டு என்பது தெரிந்தது. பகலில் 40 மீட்டர் அலைக்கு அது சுமார் 175 மைல். 16 மீட்டருக்குச் சுமார் 1,300 மைல். 1925 ஏப்ரலில் ரைனார்ட்ஸ் தம் ஓராண்டுச் சோதனைகளை க்யூ.எஸ்.டி.யில் எழுதினார். அடுத்த ஆண்டு கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டெய்லரும் ஹல்பர்ட்டும் இந்தத் தாண்டு தூரங்களை வைத்தே மேல் அடுக்கில் எலெக்ட்ரான் எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். எங்கே கேட்டது என்பதோடு எங்கே கேட்கவில்லை என்பதையும் எழுதி வைத்ததன் பயன் இது. நம்மில் சோதனைச் சாலைக்குப் போகிறவர்கள் வராத விடையை அடித்துவிட்டு வந்த விடையை மட்டும் எழுதுவதுண்டு. அவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று போகலாம்.

இவையெல்லாம் மாக்சிமே செய்தவை என்று சொன்னால் அது நியாயமாகாது. சோதனைகளை வகுத்தவர்கள் குருஸ், ஷ்னெல், சங்கத்தின் செயலாளர் வார்னர் முதலியோர். காது கொடுத்தவர்கள் ஊர் பேர் தெரியாதவர்கள். மாக்சிம் செய்தது, சண்டைக்கும் பொறாமைக்கும் பேர்போன கூட்டத்தை இருபத்திரண்டு ஆண்டு சிதறாமல் கட்டிக் காத்தது. 1925 ஏப்ரலில் பாரிஸில் பல நாட்டு அமெச்சூர்கள் கூடிச் சர்வதேசச் சங்கம் அமைத்தபோது, அவரையே முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் வெற்றியே வினையாக வந்து சேர்ந்தது. தரிசு என்று விட்ட நிலம் பொன் விளைகிறது என்று தெரிந்ததும், கம்பெனிகளும் அரசாங்கங்களும் சிற்றலைக்குள் நுழைந்தன. எந்த அலை எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கை அமெச்சூர்களே பத்திரிகையில் அச்சிட்டு உலகுக்குக் கொடுத்திருந்தார்கள், ஒளித்து வைக்கவில்லை. அந்தக் கணக்கே அவர்களுடைய இடத்துக்குப் போட்டியை வரவழைத்தது. 1927 இறுதியில் வாஷிங்டனில் சர்வதேச வானொலி மாநாடு கூடிற்று. அமெச்சூருக்கு இடமே கூடாது என்ற எண்ணம் கொண்ட அரசாங்கங்களும் அங்கே இருந்தன. மாக்சிமும் வார்னரும் வாதாடியதன் பயனாக, அமெச்சூர் என்ற இனத்துக்குச் சர்வதேசச் சட்டத்தில் முதன்முதலாக இடம் கிடைத்தது. விலை சிறிதன்று. 7,000 முதல் 8,000 கிலோசைக்கிள் வரை பரந்திருந்த இடம் 7,300-ஓடு நின்றது; 14,000 முதல் 16,000 வரை இருந்தது 14,400-ஓடு நின்றது. தலைவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முழுவதும் போயிருக்க வேண்டிய இடத்தில் பத்தில் மூன்று பங்கும் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சியது என்று பார்க்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. எனினும் முணுமுணுத்தவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. உழுதவனுக்குத்தானே நிலத்தின் அருமை தெரியும்.

மாக்சிமின் ஆர்வம் வானொலியோடு நின்றதில்லை. வீட்டில் சினிமாப் படம் பிடிப்போருக்காக 1926-ல் ஒரு சங்கம் வைத்தார். பிரபஞ்சத்தில் உயிர்களின் இடத்தைப் பற்றி 1933-ல் ஒரு நூல் வெளியிட்டார். தம்மை விட்டுப் பிரிந்த தந்தையைப் பற்றி நகைச்சுவையோடு, கசப்பில்லாமல் எழுதிய நூல் 1936-ல் வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், மனைவியோடு கலிபோர்னியாவிலுள்ள லிக் வானாராய்ச்சி நிலையத்தைப் பார்க்க ரயிலில் புறப்பட்டார். வழியில் நோய் கண்டது. கொலராடோ மாநிலத்து லா ஹுன்ட்டா என்ற சிற்றூரில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிப்ரவரி 17-ல் உயிர் பிரிந்தது. வயது 66.

அமெச்சூர் ஒருவர் இறந்தால் அவருடைய அழைப்புக் குறி பின்னர் வேறொருவருக்குப் போய்விடலாம். மாக்சிமின் டபிள்யூ 1 ஏ டபிள்யூ என்ற குறியைச் சங்கமே வாங்கித் தன் நிலையத்துக்கு வைத்துக்கொண்டது. அதற்காக ஹார்ட்ஃபோர்டை அடுத்த நியூவிங்டனில் 1938-ல் தனிக் கட்டடம் எழுந்தது. காது கொடுக்கும் வழக்கமும் நிற்கவில்லை. 1957-58-ல் சர்வதேசப் பூபௌதிக ஆண்டு நடந்தபோது, 50 மெகாசைக்கிள் அலையில் தாம் பேசிய தூரங்களை அமெச்சூர்கள் எழுதி அனுப்ப, அவை துளையிட்ட அட்டைகளில் ஏறின. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் கூவியபோதும் அதைக் கேட்டுக் குறித்தவர்களுள் அவர்கள் உண்டு.

2024 ஏப்ரல் 8-ல் வட அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் மேல் அடுக்கு எப்படி மாறுகிறது என்று அறிய, ஹாம்சை என்ற குழுவின் ஏற்பாட்டில் பல ஊர் அமெச்சூர்கள் கருவிகளைத் திறந்து வைத்தார்கள். கோடிட்ட தாளின் இடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. அவர்களில் பலர் பதிவு செய்தது கொலராடோவிலிருந்து நேரம் அறிவிக்கும் நிலையத்தின் அலையை. அந்த நிலையத்தை நடத்துவது, 1920-ல் மாக்சிமின் சங்கத்திடம் ஆள் கேட்டு வந்த அதே அளவைத் தர நிலையம். 1988-ல் அதன் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.